மூன்று மணித்தியாலப் போர்ட்

எங்கட ஊர்களில் மரதன் என்றால் அது 42 கிலோமீற்றராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சித்திரை வருசத்துக்குச் சனசமூக நிலையம் வைக்கிற விளையாட்டு விழாவில் ஆறு கிலோமீற்றர் ஓடினாலும் மரதன்தான். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமை முதல் விடிய ஊரைச் சுற்றி ஓடினாலும் மரதன்தான். முன்னுக்கு ஒரு மோட்டச்சைக்கிள், பின்னுக்கு ஒரு ஓட்டோ, ஒழுங்கை வாசல்களில் வாளியோடு நின்று தண்ணி ஊத்துற அம்மாமார். முதல் மூன்று பேர் வந்து சேர்ந்தவுடன் ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடும். நாலாவதாக வந்தது யார், நாற்பதாவது ஆள் வந்தாரா இல்லையா என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. பின்னுக்கு வாற ஓட்டோ அவையை ஏற்றிக்கொண்டு வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாற்பதாவது ஆளோடு ஓடுறதுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பெயர் பேஸர். இந்த வருசம் யாழ்ப்பாணத்தில் நடந்த ஓர் அரை மரதனில் நாங்கள் ரெண்டு பேர் அந்த வேலையைப் பார்த்தோம். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வட்ஸ்அப் குழுவில், "மூண்டு மணித்தியாலக் குறூப்புக்குப் பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு பேர் வேணும், ஓடத் தெரிஞ்சவை இருந்தாச் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தார். காசு இல்லை. ஒரு ரீசேட்டும் காலைச் சாப்பாடும். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், விரிவுரை இல்லாத பின்னேரங்களில் மைதானத்தில் ஓடிப் பழகினவர்கள், ரெண்டரை மணித்தியாலத்துக்குள் அரை மரதனை முடிக்கக்கூடியவர்கள். அதுதான் தகுதி. பேஸர் ஆகிறவர், தான் தூக்குற நேரத்தை விடக் குறைந்தது இருபது நிமிடமாவது கெதியாக ஓடக்கூடியவராக இருக்க வேணும். தன் எல்லையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுறவரால் மற்ற ஆளின் மூச்சைக் கவனிக்க ஏலாது.

வீட்டில் சொன்னபோது எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டா: "பேசரோ? அப்ப என்ன, பேச்சுப் போட்டியோ?" சிரித்தோம். பிறகு ஓடிப் பார்த்ததில் அம்மா சொன்னது அவ்வளவு பிழையில்லை என்று விளங்கியது. மூன்று மணித்தியாலமும் கதைத்துக்கொண்டே இருக்கிற வேலை அது.

பேஸர் என்றவுடன் கனபேருக்கு ஞாபகம் வாறது பெரிய ஓட்டக்காரருக்கு முன்னால் ஓடுறவர்கள்தான். 1954 மே 6இல் ஒக்ஸ்போர்ட்டில் ரொஜர் பனிஸ்டர் ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் ஓடின முதல் மனிதரானபோது, முதலில் கிறிஸ் பிரஷரும் பிறகு கிறிஸ் சற்றவேயும் அவருக்கு முன்னால் வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். 2019 ஒக்ரோபரில் வியன்னாவில் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் மரதன் தூரத்தை முடித்தபோது 41 பேஸர்கள் மாறி மாறி வந்து அவரைச் சுற்றி ஓடினார்கள். அப்படி இடையில் புதியவர்கள் வந்து சேர்ந்ததும் ஒரு காரணமாகி அது உலக சாதனையாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. அந்த வகைப் பேஸரின் வேலை பாதியில் விலகிப் போறது. விலகாமல் விட்டால் கதையே மாறிவிடும். 1994இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மரதனில் போல் பில்கிங்ரன் என்பவர் பேஸராக ஓடத்தான் காசு வாங்கினவர். முன்னுக்கு ஓடினவரை ஒருத்தரும் பிடிக்க வரவில்லை, அவர் அப்படியே ஓடிப் போய் வென்றுவிட்டார். ரெண்டாவதாக வந்தவர் தான்தான் வென்றது என்று கையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம்.

எங்கட வேலை இதற்கு நேர்மாறு. நாங்கள் விலகக் கூடாது. கோட்டுக்குப் போய்ச் சேர வேணும், அதுவும் போர்ட்டில் எழுதின நேரத்துக்கு. கெதியாகப் போனாலும் பிழை, பிந்தினாலும் பிழை. ஓடுறவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை, கணக்குப் பார்க்கத் தேவையில்லை, போர்ட்டைப் பார்த்தால் போதும். அவ்வளவுதான் நாங்கள் கொடுக்கிற வாக்கு.

கணக்கு நாங்கள் பார்த்தோம். கலைப்பீடம் என்றாலும் வகுத்தல் தெரியும். அரை மரதன் 21.0975 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலத்தைப் பிரித்தால் ஒரு கிலோமீற்றருக்கு 8 நிமிடம் 32 செக்கன். ஆனால் 8:32இல் ஓடினால் பிந்தும். பாதையை அளக்கிறவர்கள் வளைவுகளின் உள்பக்கத்தால், இருக்கிறதுக்குள் கட்டையான கோட்டில் அளப்பார்கள். ஓடுறவர்கள் தண்ணிக்கு அந்தப் பக்கம், நிழலுக்கு இந்தப் பக்கம் என்று வளைந்து ஓடுவார்கள். கையில் கட்டின ஜீபிஎஸ் மணிக்கூடு கடைசியில் 21.3 என்று காட்டும். தண்ணி குடிக்க நிற்கிற நேரமும் இருக்கிறது. ஆகவே நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்தோம். இது அமெரிக்காவின் ஜெப் கலோவே என்ற பழைய ஒலிம்பிக் ஓட்டக்காரர் பரப்பின முறை. ஓடேக்க 7:50, நடக்கேக்க 12 நிமிட வேகம். சேர்த்துப் பார்த்தால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 8:25 வரும். முழுத்தூரத்துக்கும் ரெண்டரை நிமிடம் மிச்சம் பிடிபடும். அந்த ரெண்டரை நிமிடம்தான் தண்ணிக்கும், சப்பாத்து நாடா கட்டுறதுக்கும், முகம் கழுவுறதுக்கும்.

ஓட்டத்துக்கிடையில் நடக்கிறது வெட்கம் என்று நினைக்கிற ஆட்கள் எங்கட பக்கம் கனக்க. களைத்த பிறகு நடக்கிறதுக்கும் களைக்க முதல் நடக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதல் வகையில் திரும்ப ஓடத் தொடங்குறது கஷ்டம். ரெண்டாவது வகையில் கால் ஆறிக்கொண்டே போகும். இதை விளங்கப்படுத்துறதுக்கே எங்களுக்கு அன்று முதல் மூன்று கிலோமீற்றரும் போய்விட்டது.

பழகினதில் கஷ்டமானது மெதுவாக ஓடுறதுதான். கால் தன்பாட்டில் முன்னுக்கு இழுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய ஐந்து மணிக்குத் திருநெல்வேலியில் இருந்து கொக்குவில் பக்கமாகப் போய் வருவோம். இருட்டுக்குள் ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள் ஓடினால் நாய் முதலில் கேள்வி கேட்கும், பிறகு சைக்கிளில் போற ஆட்கள் கேட்பார்கள். "தங்கச்சி, ஆரும் துரத்துறாங்களோ?" கெதியாக ஓடேக்க இந்தக் கேள்வி கொஞ்சம் குறைவு, விளையாட்டுப் பிள்ளைகள் என்று விட்டுவிடுவார்கள். மெதுவாக, நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து போனால்தான் எல்லாருக்கும் ஆலோசனை சொல்ல ஆசை வரும். பால் கொண்டுபோற ஐயா ஒருவர் மூன்று கிழமையும் எங்களைப் பார்த்து, "உடம்பு ஏலாட்டி வீட்ட போய்ப் படுங்கோ பிள்ளையள்" என்றார். நாலாவது கிழமை அவரே, "இண்டைக்கு ரெண்டு நிமிசம் பிந்தீற்றியள்" என்றார். அவருக்கும் நாங்கள் மணிக்கூடாகிவிட்டோம்.

போட்டி அன்று ஐந்தரைக்குத் தொடக்கம். முற்றவெளியில் இருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டி, மண்கும்பானுக்குக் கிட்டத் திரும்பி அதே வழியால் வர வேணும். எங்கட போர்ட்டின் கீழ் தொடக்கத்தில் நின்றது பதினேழு பேர். எண்ணி வைத்திருந்தோம். வங்கியில் வேலை செய்யிற ரெண்டு அண்ணாமார், ஒரு தாதி அக்கா, உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற நாலு பெடியள், ஒரு தாயும் மகளும், ஓய்வு பெற்ற ஒரு ஐயா. இப்படிப் பலமாதிரி ஆட்கள். எல்லாருக்கும் பின்னால், வெள்ளைத் தொப்பியும் நீட்டுக் கைச் சட்டையுமாக ஓர் அன்ரி. ரீச்சர் என்று பிறகு தெரிந்தது. ஐம்பத்திநாலு வயது.

துவக்குச் சத்தம் கேட்டு நாங்கள் கோட்டைக் கடக்க 37 செக்கன் எடுத்தது. உயர்தரப் பெடியள் நாலு பேரும் அந்த நிமிடமே காணாமல் போனார்கள். கூப்பிடவில்லை. பெரிய மரதன்களின் முடிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்லுறது, பிற்பாதியில் வேகம் விழுறது பெண்களை விட ஆண்களுக்குத்தான் கூட என்று. தொடக்கத்தில் தன்னை நம்புறதில் இருக்கிற வித்தியாசம் அதில் ஒரு காரணம் என்கிறார்கள். எங்களுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஒரு பெடியன் பதின்மூன்றாவது கிலோமீற்றரில் பனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, போர்ட் வருமெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றான். சேர்த்துக்கொண்டோம்.

பண்ணையில் ஏறினவுடன் சோளகம் முகத்தில் அடித்தது. பண்ணைக் காற்றை யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. சைக்கிளில் வேலணைக்குப் போன ஆட்களுக்கு அது முழங்காலில் ஞாபகம் இருக்கும். ஆனால் போர்ட் பிடித்துக்கொண்டு போறது வேறு விசயம். பிளாஸ்ரிக் அட்டையில் "3:00" என்று எழுதித் தடியில் அடித்திருந்தார்கள். காற்று அதைத் தோணிப்பாய் மாதிரிப் பிடித்து இழுத்தது. தடியோடு கட்டியிருந்த ரெண்டு பலூனில் ஒன்று கடலுக்குள் போனது. போர்ட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் காற்று விடும், ஆனால் பின்னுக்கு வாறவர்களுக்கு இலக்கம் தெரியாது. நேராகப் பிடித்தால் இலக்கம் தெரியும், கை கழன்றுவிடும். ஒரு கிலோமீற்றருக்கு ஒருத்தி என்று மாறினோம்.

இன்னொரு முடிவும் அங்கே எடுக்க வேண்டியிருந்தது. எதிர்க்காற்றில் அதே 8:25ஐப் பிடித்தால் ஆட்களின் பலம் போகிற வழியிலேயே முடிந்துவிடும். ஒரே வேகம் வேறு, ஒரே உழைப்பு வேறு. நாங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். மெலிந்தவர்களை எங்களுக்குப் பின்னால் ரெண்டு வரிசையாக வரச் சொன்னோம், வங்கி அண்ணாமார் ரெண்டு பேரையும் முன்னுக்கு விட்டோம். அகலமான ஆட்கள், நல்ல மறைப்பு. அவர்களும் கோபிக்கவில்லை. மண்கும்பானில் திரும்பேக்க 1 மணி 30 நிமிடம் 40 செக்கன். இருக்க வேண்டியதை விட ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தோம். ஓய்வு பெற்ற ஐயா தன் மணிக்கூட்டைக் காட்டினார்.

"பிள்ளை, பின்னுக்கு நிக்கிறம்."

"ஓம் ஐயா. திரும்பேக்க காத்து எங்கட பக்கம். அது தரும்."

"தராட்டி?"

"தராட்டி எங்களைப் பேசுங்கோ."

காற்று தந்தது. ஆனால் நாங்கள் நினைக்காத இடத்தில் வாங்கியும் கொண்டது. முதுகுக்குப் பின்னால் காற்று வந்தால் முகத்தில் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், வியர்வை காயாது. போகேக்க முதுகில் இருந்த வெயில், கிழக்கே திரும்பினவுடன் கண்ணுக்குள் வந்தது. ஏழு மணிக்கே தார் சூடு. அல்லைப்பிட்டியில் தண்ணி வைத்திருந்த பெடியளிடம் ஜீவனி கரைத்து வைத்திருந்ததைப் பார்த்து தாதி அக்கா, "ஆரப்பா இதை யோசிச்சது, நல்லா இருப்பான்" என்றா. வெறும் தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டு வெயிலில் மூன்று மணித்தியாலம் ஓடுறது நல்லதில்லை, உப்பும் உள்ளே போக வேணும். ஒவ்வொருவரையும் நின்று குடிக்க வைத்தோம். மிச்சம் பிடித்த செக்கன்களில் நாற்பது அங்கே போனது.

ரீச்சர் அன்ரி அதுவரை எங்களுக்குக் கிட்டத்தான் வந்துகொண்டிருந்தா. வழியெல்லாம் கதைத்தா. சீனி வருத்தம் வந்து, டொக்ரர் நடக்கச் சொல்லி, நடந்து நடந்து அலுத்துப்போய் ஓடத் தொடங்கினவவாம். 1984இல்தான் ஒலிம்பிக்கில் முதல் முதலாகப் பெண்களுக்கு மரதன் வைத்தார்கள் என்று எங்களில் ஒருத்தி சொன்னதுக்கு, "அப்ப நான் பள்ளிக்கூடம். எங்களை நூறு மீற்றருக்கு மேல விடமாட்டினம், மயங்கி விழுவமாம்" என்றா. 2023இல் பிலிப்பைன்சில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் 1500 மீற்றரில் தங்கம் வென்ற முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மாவின் படத்தை அன்ரி கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறா. "அவ ஓடேக்க எனக்கென்ன?"

ஏன் மூன்று மணித்தியாலத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டோம். போன வருசம் வேறொரு ஊரில் ஓர் அரை மரதன் ஓடினாவாம். மூன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் எடுத்துவிட்டது. வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் நின்ற வளைவைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். பதக்கப் பெட்டியும் லொறிக்குள். ஒரு பெடியன் தேடிப் பார்த்துவிட்டு, "அன்ரி, முடிஞ்சுது" என்றானாம். "முடிஞ்சுது எண்டுறது எனக்குத் தெரியும், நான்தானே ஓடினது" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தா. இங்கேயும் பாதை திறக்கிற நேரம் 3:15. "போர்ட்டோட வந்தா வளைவைக் கழட்டேலாது தானே. அதான்."

மண்டைதீவுச் சந்தியில், பதினேழாவது கிலோமீற்றரில், அன்ரி விழத் தொடங்கினா. விழுறது என்றால் தடுக்கி விழவில்லை. ஒரு நடை நிமிடம் முடிந்து நாங்கள் ஓடத் தொடங்கேக்க அவவால் தொடங்க ஏலவில்லை. அடுத்த முறை இருபது மீற்றர் இடைவெளி. அதற்கடுத்த முறை ஐம்பது. கால் பிடித்துக்கொண்டது. தலைச்சுற்று இல்லை, கதை தெளிவு, வியர்வையும் இருக்கிறது. தாதி அக்கா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வேகம் மட்டும்தான் இல்லை என்றா.

ஏற்பாட்டாளர் முதல் நாள் சொன்னது இதுதான்: "ஆக்களோட ஓடாதேங்கோ, நேரத்தோட ஓடுங்கோ." கேட்கேக்க ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த இடத்தில் எங்களில் ஒருத்தி, "நீ போர்ட்டைக் கொண்டு போ, நான் அன்ரியோட வாறன்" என்றாள். மற்றவள் மாட்டேன் என்றாள். காரணம் ரெண்டு பக்கமும் இருந்தது. முன்னுக்கு இன்னும் ஒன்பது பேர் எங்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் போர்ட் ஐம்பது மீற்றர் தள்ளினாலே மனம் விட்டுப்போகும். பாலத்தில் ஒரு கையால் அந்தப் போர்ட்டைக் கடைசிவரை பிடிக்க ஒருத்தியால் ஏலாது, காற்று பின்னுக்கென்றாலும் தூக்குற கை அதேதான். இந்தப் பக்கம் ஒருவர். அவர்தான் இந்தப் போர்ட்டுக்காகவே வந்தவர். கூட்டல் கழித்தலில் ஒன்பது பெரிது, சரிதான். ஆனால் திரும்பிப் பார்க்கேக்க தெரிந்தது ஒன்பது இல்லை, ஒரு வெள்ளைத் தொப்பி.

ஓடிக்கொண்டே சண்டை பிடித்தோம். அன்ரிக்குக் கேட்டிருக்க வேணும்.

"பிள்ளையள், என்ன அதில நிண்டு கதைக்கிறியள்? போங்கோ!"

"அன்ரி, நாங்கள் ஒராள்..."

"போர்ட்டைப் பதிக்காமப் பிடியுங்கோ. அதைப் பாத்துக்கொண்டு வாறன். போங்கோ எண்டுறன்!"

வகுப்பில் கத்துற அதே குரல். போனோம்.

பண்ணைப் பாலத்தைப் போகேக்கத் திட்டினோம், வரேக்க அதை விட்டால் வேறு வழியில்லை என்று பட்டது. அங்கே மரம் இல்லை, வீடு இல்லை, மறைக்கிற வளைவும் பெரிதாக இல்லை. ரெண்டு பக்கமும் கடல், நடுவில் பாதை. ஊருக்குள் என்றால் இருநூறு மீற்றரில் மறைந்துவிடுகிற போர்ட், இங்கே ஒரு கிலோமீற்றர் தள்ளியும் தெரியும். அதனால் கடைசிவரை ஒருத்தியும் போர்ட்டைப் பக்கவாட்டில் திருப்பவில்லை, தோளில் சாய்க்கவும் இல்லை. தோள்மூட்டு எரிந்தது. நடை நிமிடம் வரேக்க போர்ட்டை ரெண்டு தரம் உயர்த்தி இறக்கினோம், ஓட்டம் தொடங்கேக்க ஒரு தரம். முன்னுக்கு இருந்தவர்களுக்கு அது தேவையே இல்லை, வாயால் சொன்னால் கேட்கும். வங்கி அண்ணாவில் ஒருவர் என்ன சைகை என்று கேட்டார். பின்னுக்கு என்றோம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தானும் கையைத் தூக்கி இறக்கினார்.

கடைசி மூன்று கிலோமீற்றரில் பேஸர் செய்ய வேண்டிய வேறொரு வேலை இருக்கிறது. மூச்சு மிச்சம் உள்ளவர்களை விரட்டுறது. "நீங்கள் எங்களுக்குத் தேவையில்லை, போங்கோ" என்று சொல்ல வேணும். தாதி அக்கா முதலில் போனா. பிறகு வங்கி அண்ணா ஒருவர். தாய் மகளைப் பார்த்தா, மகள் தாயைப் பார்த்தாள், ரெண்டு பேரும் போனார்கள். நல்ல பேஸர் கோட்டைக் கடக்கேக்க தனக்குப் பக்கத்தில் கூட்டம் இருக்க வேணும் என்று படம் எடுக்கிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் கூட்டம் முன்னுக்குப் போயிருந்தால்தான் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் கடந்தது 2 மணி 59 நிமிடம் 14 செக்கனில். துவக்குச் சத்தத்தில் இருந்து எண்ணினாலும் 2:59:51. இதை எழுதேக்க இப்பவும் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது, மறைக்கவில்லை. பதினேழு பேரில் ஆறு பேர் எங்களுக்கு முன்னால் வந்திருந்தார்கள். பனையைப் பிடித்து நின்ற பெடியனும் மணிக்கூட்டு ஐயாவும் உட்பட நாலு பேர் எங்களோடு வந்தார்கள். ரெண்டு பேர் இடையில் வாகனத்தில் ஏறியிருந்தார்கள். ஐந்து பேர் இன்னும் பாதையில். ஐயா எங்கள் கையைப் பிடித்து, "பேச ஒண்டும் கிடைக்கேல்ல" என்றார்.

கோட்டைக் கடந்தால் பேஸரின் வேலை முடிந்தது. போர்ட்டைக் கொடுத்துவிட்டு, ரெண்டு பேரும் பண்ணைப் பக்கமாகத் திரும்பி நடந்தோம். பாலம் முடிகிற இடத்துக்குக் கிட்ட அன்ரி வந்துகொண்டிருந்தா. ஓட்டம் என்று சொல்ல ஏலாது, ஆனால் நடையும் இல்லை. வாய் அசைந்துகொண்டிருந்தது. செபமாக்கும் என்று நினைத்தோம். கிட்டப் போகத்தான் விளங்கியது, எண்ணிக்கொண்டு வாறா. இருநூற்று நாற்பது வரை எண்ணி ஓட்டம், அறுபது வரை எண்ணி நடை. எங்களைக் கண்டும் நிறுத்தவில்லை, கையால் பொறுங்கோ என்று காட்டிவிட்டு அறுபதை முடித்த பிறகுதான் கதைத்தா.

"போர்ட் எங்க?"

"குடுத்திட்டம் அன்ரி."

"பாலம் முடியிற வரைக்கும் தெரிஞ்சுது. பிறகு தெரியேல்ல. அதான் எண்ணத் தொடங்கினனான். சரி, வாங்கோ, நேரமில்லை."

3:06இல் வந்தா. வளைவு நின்றது. பதக்கமும் கிடைத்தது, வாழைப்பழம் மட்டும் முடிந்துபோயிருந்தது. அதற்கு அன்ரி ஏற்பாட்டாளரில் ஒருவரைப் பிடித்து ஐந்து நிமிடம் பாடம் எடுத்தா.

மற்ற நாலு பேரும் 3:15க்குள் வந்தார்களா என்று போய்ப் பார்த்தோம். ரெண்டு பேர் வந்தார்கள். ரெண்டு பேர் வரேக்க 3:20 தாண்டிவிட்டது. பாதை திறந்து, மினிபஸ்களும் மோட்டச்சைக்கிள்களும் ஹோன் அடித்துக்கொண்டு போக, அவை கரையால் வந்தார்கள். அவையோடு ஒரு போர்ட்டும் இல்லை. அட்டவணையில் கடைசிப் போர்ட் எங்கடதுதான். அதற்குப் பின்னால் பாதையைத் திறந்துவிடுகிற வாகனம் மட்டும்.

பிறகு நடந்த கூட்டத்தில் இதைக் கேட்டோம். மூன்று மணித்தியாலத்துக்குப் பின்னால் இன்னொரு போர்ட் ஏன் இல்லை? பாதை மூடுகிற நேரம் 3:15 என்றால் அந்த நேரத்துக்கே ஒரு போர்ட் வைத்தால் என்ன? "அவ்வளவு மெதுவா ஓடுறதுக்குப் பேஸர் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், யார் அந்த நேரத்துக்குப் பெயர் கொடுப்பார்கள், வெட்கப்படுவார்கள் என்றார். வெட்கம் ஓடுறவருக்கா, ஓட்டுவிக்கிறவருக்கா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டோம். யோசித்துச் சொல்லுறம் என்றிருக்கிறார்கள். ஆட்கள் கிடைப்பார்களோ தெரியாது என்றும் சொன்னார்கள்.

3:15 என்றால் ஒரு கிலோமீற்றருக்கு 9 நிமிடம் 15 செக்கன். நாங்கள் மூன்று கிழமையாக அந்த வேகத்தில் பழகுறோம். மூன்று நிமிடம் ஓட்டம், ரெண்டு நிமிடம் நடை என்று பிரித்துப் பார்க்கிறோம், இன்னும் சரிவரவில்லை. பால்கார ஐயா போன ஞாயிறு சைக்கிளை நிற்பாட்டி, "என்ன பிள்ளையள், வர வரப் பிந்திக்கொண்டு போறியள்?" என்று கேட்டார்.